பேச்சு நின்றுபோன கூடப்பிறந்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு வட்ட சட்டப் பணிகள் குழுவில் சில வருடங்கள் தன்னார்வலராக இருந்தேன். பாகப்பிரிவினை வழக்கோடு வருகிறவர்கள் பத்திரம், பட்டா எல்லாம் காட்டிப் பேசி முடித்துவிட்டு, எழுந்திருக்கும்போது வேறு ஒன்றைக் கேட்பார்கள். "அண்ணன் ஆஸ்பத்திரியில கெடக்காராம்மா. நான் போகலாமா?" வழக்குப் போட்டவரே கேட்பார். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்னவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். நானும் என் தம்பியோடு பதினோரு வருடம் பேசாமல் இருந்தவள்தான்.

உடம்புக்கு முடியவில்லை என்று யார் மூலமோ தெரியவந்தது. அவர்கள் சொல்லி அனுப்பவில்லை. நானாகப் போகலாமா?

போங்கள். கல்யாணத்துக்குச் சொன்னால் போக வேண்டும், கெட்டதுக்குக் கேள்விப்பட்டாலே போக வேண்டும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். படுக்கையில் இருப்பவர் பத்து வருடப் பகையை மறந்து உங்களுக்குத் தகவல் சொல்லி அனுப்புவார் என்று காத்திருப்பது நியாயமில்லை.

இந்த விதியை நானே மீறியிருக்கிறேன். 2008-ல் அப்பா காரியம் முடிந்த அடுத்த மாதம், நிலத்தில் என் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரச் சொல்லித் தம்பி கேட்டான். நான் அவன் பெண்டாட்டி முன்னாலேயே சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வந்தேன். அதோடு போக்குவரத்து நின்றது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. திருத்துறைப்பூண்டி பக்கத்தில் அவன் வீட்டு ஓடு மொத்தமும் போயிற்று, கொல்லையில் ஒரு தென்னைகூட நிற்கவில்லை. மூன்றாம் நாளே எனக்குத் தெரியும். குடவாசல் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். "வேணும்னா கூப்பிடட்டும்" என்று இருந்துவிட்டேன்.

அடுத்த வருடம் ஐப்பசியில் என் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். அடைமழை. பந்தலுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் என் மகன் ஓடி வந்து, "மாமா முக்குக் கடைல நிக்கிறாரும்மா, ரொம்ப நேரமா நிக்கிறாராம்" என்றான். மத்தியானமே வந்தவன், தெருவுக்குள் வரத் தயங்கி டீக்கடைத் தாழ்வாரத்தில் நின்றிருக்கிறான். மகன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். தோளில் மஞ்சள் பை. உள்ளே பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டிய கோடிப் புடவை. மழையில் நனையாமல் இருக்க உர மூட்டைக்குள் இருக்கும் பாலிதீன் உறையைக் கழுவி, அதில் சுற்றி, சணலால் கட்டியிருந்தான். கடைச் சீட்டு இன்னும் புடவையில் குத்தியிருந்தது. "உள்ள வரலாமான்னு தெரியலக்கா" என்றான். எனக்கு வாயே வரவில்லை. பக்கத்தில் இருந்த பாயை இழுத்துப் போட்டேன்.

வீடு பறிபோனபோது எட்டிப் பார்க்காத அக்காவுக்கு அவன் கோடி எடுத்து வந்தான். போகலாமா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

போனதும் முதலில் என்ன பேசுவது? வார்த்தையே வரவில்லை.

வராவிட்டால் விடுங்கள். "என்னை மன்னிச்சிடு", "நீ அன்னிக்குச் செஞ்சது சரியா" இரண்டுமே முதல் நாள் பேச்சு இல்லை. நோயாளிக்கு இரண்டையும் தாங்கத் தெம்பு இருக்காது.

செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கும், அதைச் செய்யுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் துணைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும்: மருந்துச் சீட்டோடு ஓட ஒருவர், ஸ்கேன் எடுக்கும் இடத்தில் நிற்க ஒருவர், ராத்திரி படுக்கை ஓரத்தில் ஒருவர் வேண்டும். அண்ணி நாலு நாளாகத் தூங்கியிருக்க மாட்டார். "ராத்திரி நான் இருக்கேன் அண்ணி, நீங்க வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டுக் காலைல வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். இதைவிட நல்ல முதல் வாக்கியம் எனக்குத் தெரியவில்லை. ரத்தம் தேவைப்பட்டால் உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். பணம் கொடுப்பதாக இருந்தால் அண்ணியிடமோ வளர்ந்த பிள்ளையிடமோ தனியாகக் கொடுங்கள். பத்துப் பேர் பார்க்க நோயாளியின் தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள்.

நேரில் போகத் தைரியம் இல்லை. யாரைத் தூது அனுப்பலாம்?

இரண்டு வீட்டிலும் சாப்பிட்டவர்களாக இருக்க வேண்டும். அத்தை, தாய்மாமன், இல்லையென்றால் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு பேச்சு வைத்திருக்கும் உங்கள் பிள்ளைகள். பெரியவர்கள் முகம் பார்க்காமல் இருக்கும் வீடுகளிலும் பிள்ளைகள் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள், நமக்குத்தான் தெரிவதில்லை. ஊர்ப் பஞ்சாயத்தார் வேண்டாம். அவர்கள் வந்தால் பழைய தீர்ப்பு, யார் பக்கம் யார் பேசினார்கள் என்று எல்லாமும் கூடவே வரும். உங்கள் மாமனார் வீட்டு ஆட்களும் வேண்டாம்.

குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் எழுதவே எழுதாதீர்கள். நாற்பது பேர் பார்க்க ஒருவர் எப்படி இறங்கிவருவார்? தனியாக இரண்டு வரி போதும். "தம்பி, உனக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன். வியாழக்கிழமை வந்து பாக்கட்டுமா? அக்கா." இதில் பழைய கதை இல்லை, நாள் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல இடமும் இருக்கிறது. பதில் வராவிட்டால் ஒரு மாதம் பொறுத்து இன்னொரு முறை அனுப்புங்கள்.

எங்கள் சண்டையே நிலத்தால் வந்தது. உறவு சேர்ந்தால் என் பங்கை விட்டுவிட வேண்டுமா?

டெல்டாவில் இந்தக் கேள்விதான் மற்ற எல்லாக் கேள்விக்கும் அடியில் கிடக்கிறது. விட வேண்டியதில்லை. அதே நேரம், கேட்பதற்கு உகந்த நாள் இது இல்லை. உறவையும் கணக்கையும் ஒரே நாளில் பேசாதீர்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. சாவு வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், யாரிடமும் வாங்கவும் வாங்காதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அக்கா தங்கைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரம் பதிந்துவிடுகிற வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அழுத கண்ணோடு போட்ட கையெழுத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பதிவான பத்திரத்தை ரத்து செய்யக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கும், விஷயம் தெரியவந்ததிலிருந்து மூன்று வருடம்தான் காலக்கெடு. குறைந்தது ஒரு போகமாவது போகட்டும். அறுவடை முடிந்து களம் காய்ந்த பிறகு உட்கார்ந்து பேசலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. அதில், அந்த வருடம் மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது என்று இருந்தது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்தத் தடை இல்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிந்தோ கோர்ட் தீர்ப்பு மூலமோ பாகம் பிரித்திருந்தால் அதைக் கிளற முடியாது. அப்பா சுயமாகச் சம்பாதித்ததை அவர் இஷ்டப்படி உயில் எழுதலாம். எழுதாமல் போயிருந்தால் மனைவி, மகன், மகள், அப்பாவைப் பெற்ற தாய் உயிரோடு இருந்தால் அவர், எல்லோருக்கும் சமம். இது இந்துக்களுக்கு. கூத்தாநல்லூரிலிருந்தோ நாகூரிலிருந்தோ வரும் முஸ்லிம் குடும்பங்களுக்கும், வேளாங்கண்ணிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் வேறு வேறு சட்டம். விவரம் தெரிந்த வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

சட்டம் பங்கைச் சொல்லும், உழைப்பைச் சொல்லாது. தம்பி இருபது வருடம் அந்த வயலில் நாற்றுப் பறித்திருக்கிறான், மேட்டூர் திறக்காத வருடங்களில் கடன் வாங்கி மோட்டார் ஓட்டியிருக்கிறான், அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்திருக்கிறான் என்றால், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு என்று நினைக்கிறேன். அக்காவுக்குப் போட்ட நகையைச் சொல்லிக்காட்டி "உனக்குத்தான் எல்லாம் செஞ்சாச்சே" என்பது தம்பி பக்கத்துப் பேச்சு. செய்த சீர் வேறு, சொத்துப் பங்கு வேறு. இந்த இரண்டு பேச்சும் மேசைக்கு வந்தால்தான் பாகம் நிலைக்கும்.

எங்கள் வீட்டில் மொத்தம் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். எனக்குச் சரிபாதி உண்டு. தம்பி வந்து இரண்டு வருடம் கழித்து, வாய்க்கால் தலைப்பில் இரண்டு மாவை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயரை வைத்து உட்பிரிவு செய்து, பட்டாவும் தனியாக வாங்கினோம். அதைத் தம்பியே சாகுபடி செய்கிறான். தை அறுப்பு முடிந்ததும் இரண்டு மூட்டை அரிசி வரும். "உன் தம்பிதானே, பத்திரம் எதுக்கு?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எங்களுக்குப் பிறகு பிள்ளைகள் சண்டை போடக்கூடாது என்றுதான் பத்திரம்.

கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. இப்போது பேச ஆரம்பித்துவிட்டோம். வழக்கை என்ன செய்வது?

இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் வக்கீல்களிடம், சமரச மையத்துக்கோ மக்கள் நீதிமன்றத்துக்கோ அனுப்பச் சொல்லுங்கள். 1987-ஆம் வருட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மக்கள் நீதிமன்றத்தில் ஒத்துக்கொண்ட முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அப்பீல் இல்லை என்பதால் அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளவும் கூடாது. வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள் கவலைப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

கூடப்பிறந்தவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. பல வருடம் பேசாதவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள். மறுத்தால் நான் கெட்டவளா?

இல்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கை நடுங்குகிறது, ஆனாலும் உறுதியாகச் சொல்கிறேன்.

ஏன் உங்களைத் தேடி வந்தார்கள் என்பது விளங்கிக்கொள்ளக் கூடியதுதான். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவர்களிடம் திசு முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு உண்டு, பாதி பொருந்த நாலில் இரண்டு. 1994-ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டமும் அண்ணன், தம்பி, அக்கா, தங்கையை நெருங்கிய உறவாகத்தான் வைத்திருக்கிறது. அதே சட்டம், கொடுப்பவர் தன் சொந்த விருப்பத்தில் கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பணம், நிலம், பங்கை விட்டுத் தருவது என்று எதையும் பதிலுக்குப் பேசக்கூடாது, பேசினால் குற்றம். சம்மதித்த பிறகும், ஆபரேஷனுக்கு முன்பு எந்த நேரத்திலும் பின்வாங்கலாம். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் சர்க்கரை, ரத்த அழுத்தம், உங்கள் பிள்ளைகளின் வயது, உங்களுக்கு இருக்கும் பயம், எல்லாவற்றையும் அங்கே சொல்லுங்கள்.

கொடுக்க முடியாது என்றாலும் போய்ப் பார்க்கலாம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகவும் ஒரு ஆள் வேண்டும்.

என் கணவருக்கு (மனைவிக்கு) பிடிக்கவில்லை. "அவங்க நம்மள என்ன பாடு படுத்தினாங்க" என்கிறார்.

அவர் சொல்வதைக் கேளுங்கள். நம் கூடப்பிறந்தவன் நம்மைத் திட்டினால் நமக்குச் சீக்கிரம் ஆறிவிடும். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பது நமக்குத்தான், அவருக்கு அது அவருடைய தசை இல்லை. அந்தச் சண்டையில் அவமானப்பட்டது பல நேரம் வீட்டுக்கு வந்தவர்தான். என் தம்பி பெண்டாட்டியிடம் நான் சொன்ன வார்த்தைக்கு, தம்பி வந்த பிறகும் ஒன்றரை வருடம் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாதது நியாயம். ஒருநாள் அவள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, "நான் அன்னிக்குச் சொன்னது தப்பும்மா" என்றேன். அவள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. பாதிக் கீரையை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஆகவே, "நீயும் வா" என்று இழுக்காதீர்கள். நீங்கள் மட்டும் போய்வாருங்கள். வீட்டுக்குத் தெரியாமல் மட்டும் போகாதீர்கள்.

கஷ்டத்தில் சேர்ந்தோம். நாலு மாதம் நன்றாக இருந்தது. இப்போது திரும்பவும் போன் நின்றுவிட்டது. எங்கே தப்பு?

தப்பு என்று எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி நாட்களில் பேச விஷயம் இருந்தது: இன்றைக்குச் சாப்பிட்டாரா, டாக்டர் என்ன சொன்னார். அவர் வீட்டுக்கு வந்த பிறகு பேச விஷயம் இல்லை, பழைய விஷயம் மட்டும் இருக்கிறது. அதனால் இரண்டு பேருமே போனை எடுக்கத் தயங்குகிறீர்கள்.

நம் முன்னோர் இதற்கு ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். காரணம் கேட்காமல் போய்வர நாள் குறித்திருக்கிறார்கள். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டு நினைவு வராமல் இருக்காது. பொங்கலுக்கு அண்ணன் தம்பி வரிசை கொண்டுவருகிறார்கள். கரும்பும் மஞ்சள் கொத்தும் பஸ் மேலே ஏறி ஊர் ஊராகப் போகும். மாட்டுப் பொங்கல் காலையில் பல வீடுகளில் மஞ்சள் இலையில் கலந்த சாதத்தைக் காக்கைக்கு வைத்து, கூடப்பிறந்தவன் நன்றாக இருக்க வேண்டும் என்று கணுப்பிடி வைக்கிறார்கள். சண்டையில் இருந்த பதினோரு வருடமும் நான் தம்பி பெயரைச் சொல்லித்தான் வைத்தேன். அவனிடம் இதைச் சொன்னதில்லை.

சாமிக்கே இந்த முறை உண்டு. தைப்பூசத்தன்று சமயபுரம் மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு வருகிறாள், அண்ணன் ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலிலிருந்து அவளுக்குச் சீர் வருகிறது. வருடம் ஒருமுறை, ஆற்றங்கரையில். தினமும் போனில் பேசினால்தான் உறவு என்று நினைத்துச் சோர்ந்துபோகாதீர்கள். வருடத்தில் இரண்டு நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளும் தவறாமல் போங்கள், சாப்பிடுங்கள், விளக்கு வைப்பதற்குள் கிளம்பிவிடுங்கள்.

மொய் நோட்டையும் பாருங்கள். பேச்சு நின்ற வீடுகளில்கூட "ஆளு வரல, மொய் வந்துச்சு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஆள் வராமல் பெயர் மட்டும் வந்திருந்தால், அங்கே கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. அடுத்த விசேஷத்துக்கு நீங்களே பத்திரிகையோடு நேரில் போய் நில்லுங்கள். தாய்மாமன் மடி வேண்டிய காதுகுத்து என்றால் இன்னும் நல்லது. அவருக்கு மறுக்கத் தோன்றாது.

அவர் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லையே?

என் தம்பியும் கேட்கவில்லை. கஜாவுக்குப் போகாததற்கு நானும் வாய்விட்டுக் கேட்கவில்லை. போன வருடம் அவன் கொல்லையில் வைக்க நாலு தென்னங்கன்று வாங்கிப் போனேன். வாங்கி நட்டான்.

எல்லா உறவையும் சேர்த்துவைக்கத்தான் வேண்டுமா?

கூடாத உறவும் உண்டு. சின்ன வயதில் உங்களிடம் தகாத முறையில் நடந்தவர், அடித்தவர், குடித்துவிட்டு உங்கள் பிள்ளைகள் முன்னால் கத்தி எடுத்தவர், இவர்கள் படுத்த படுக்கையாக இருந்தாலும் நீங்கள் போகக் கடமைப்பட்டவர் இல்லை. "ரத்த பாசம்" என்று சொல்லி உங்களைத் தள்ளுகிறவர்களிடம் காரணத்தை விளக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மனம் பாரமாக இருந்தால் 14416-இல் தமிழிலேயே மனநல ஆலோசகரிடம் பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் வன்முறை என்றால் பெண்களுக்கு 181. செலவுக்கு உதவ நினைத்தால் வேறு ஒருவர் கையில் கொடுத்து அனுப்பலாம், அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் தயங்கிக்கொண்டே இருந்தேன். போவதற்குள் அவர் போய்விட்டார். இனி என்ன செய்ய முடியும்?

காரியத்துக்குப் போங்கள். யாராவது முகம் திருப்பினால் திருப்பட்டும், வாசலிலாவது உட்கார்ந்துவிட்டு வாருங்கள். பிறகு அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். அவர்களுக்கு நீங்கள் இன்னும் சித்திதான், பெரியப்பாதான், அத்தைதான், மாமாதான்.

எனக்குத் தெரிந்த அறுபது வயதுப் பெண் ஒருவர், அக்கா இறந்த மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்து மயிலாடுதுறைக்குப் போனார். பதினான்கு வருடம் பேசாதவர்கள். அக்காவின் மகள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், பீரோவிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்து நீட்டியிருக்கிறாள். பால் கணக்கு, கேஸ் புக்கிங் நம்பர் எல்லாம் எழுதிய நோட்டு. அதில் ஒரு பக்கத்தில் "தங்கச்சி" என்று போட்டு ஒரு நம்பர். அதை அடித்துவிட்டு அடியில் இன்னொன்று. அதையும் அடித்து மூன்றாவதாக ஒன்று. தங்கை நம்பர் மாற்றும்போதெல்லாம் யாரிடமோ கேட்டு எழுதி வைத்திருக்கிறார். ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அந்த மூன்றாவது நம்பரிலிருந்துதான் இப்போது வெள்ளிக்கிழமை தோறும் சித்தி அந்தப் பெண்ணைக் கூப்பிடுகிறார்.